அழுத்தக் குறைவும் காரணம் தேடும் முறையும்

பழைய டர்போ கார் மேட்டில் ஏறத் திணறினால், டர்போவையே மாற்றச் சொல்வது பொதுவழக்கு. ‘அழுத்தக் குறைவு’ அறிகுறியின் பெயர். காரணத்தின் பெயரன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

டர்போவில், வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மறுசக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புகிறது. ஆதலின் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்புவோம். அழுத்திய காற்று வழியில் கசிகிறதா? வெடித்த ரப்பர் குழாய்களையும் தளர்ந்த கவ்விகளையும் முதலில் காண்க. எஞ்சினை நிறுத்திக் குழாயில் சிறிது காற்றேற்றிச் சோப்பு நீர் பூசினால், குமிழி கசிவைக் காட்டும். புகை சக்கரத்தைத் தொடாது விலகுகிறதா? வேஸ்ட்கேட் கதவு முழுதும் மூடாவிடில் அவ்வாறு நேரும். இவ்விரண்டும் இல்லையெனில், தண்டின் தேய்மானத்தை ஆராய்க.

எளியதினின்று அரியதற்குச் செல்லும் இவ்வரிசையை மாணவர் தமிழிலேயே விளக்கப் பழகுதல் வேண்டும். அப்போதுதான் அறிவியல் தமிழ் கலைச்சொற் பட்டியலாக நின்றுவிடாமல் சிந்தனைமொழியாகும்.