மோதிரம் ஏந்தும் திண்டு

திருமண வீட்டின் வேலைகளில் பெரும்பகுதி இன்று பிறர் கைக்குப் போய்விட்டது. பந்தலும் பந்தியும் மலர் அலங்காரமும் ஒப்பந்தத்தில் முடிகின்றன. அழைப்பிதழ் கைப்பேசியிலேயே சென்று சேர்கிறது. இத்தனைக்கும் நடுவே, மணமகளின் அத்தையோ பாட்டியோ இரண்டு மாலைப் பொழுதுகளில் தைத்து முடித்துவிடக்கூடிய பொருளாக இன்னும் எஞ்சியிருப்பது மோதிரத் திண்டு. கடைகளில் ‘ரிங் பில்லோ’ என்று கேட்டால் கிடைக்கும். கொச்சியிலும் கோவாவிலும் பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கிறிஸ்தவத் திருமணங்களில் ஒரு சிறுவன் இதை இரு கைகளிலும் ஏந்தி நடந்துவருவதை வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள். மோதிரம் மாற்றிக்கொள்ளும் நிச்சயதார்த்தங்களிலும் தாம்பாளத்தின் நடுவே இது இப்போது இடம்பிடித்திருக்கிறது.

திருமணச் சடங்கு இதைக் கட்டாயமாக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூல், மோதிரத்தை அந்நூலின் மீதே வைக்கும்படி மணமகனுக்குச் சொல்கிறது. பல தேவாலயங்களில் ஒரு சிறிய வெள்ளித் தட்டே போதுமானதாக இருந்துவந்திருக்கிறது. எனவே இன்ன வடிவம், இன்ன நிறம் என்று எந்த விதியும் திண்டைக் கட்டுப்படுத்தாது. அது செய்ய வேண்டியவை இரண்டே: நடந்துவரும் சில நிமிடங்களுக்கு மோதிரம் விழாமல் காக்க வேண்டும், கேட்கும்போது ஒரே இழுப்பில் அதைக் கொடுத்துவிட வேண்டும். கடைத் திண்டுகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தோற்கின்றன. பளபளக்கும் சாட்டின் துணியில், பந்துபோல் உப்பிய திண்டின் உச்சியில் மோதிரத்தை வைத்து, வழுக்கிவிடுமோ என்ற அச்சத்தில் யாரோ இரட்டை முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். பீடத்தின் முன் மணமகனின் வியர்த்த விரல்கள் அந்த முடிச்சோடு போராடுவதைச் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் குறையில் பாதி தீர்ந்துவிடும். வழுக்காத பரப்பே தேவை. அஸ்ஸாமிலும் மேகாலயாவிலும் நெய்யப்படும் எரிப்பட்டு இதற்கு மிகவும் பொருத்தமானது. மற்றப் பட்டுகளைப்போல் கூட்டிலிருந்து ஒரே நீள இழையாக எடுக்கப்படாமல், பஞ்சைப்போல் நூற்கப்படுவதால், அதன் மேற்பரப்பில் கம்பளியை ஒத்த மென்மையான சொரசொரப்பு உண்டு. மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் ‘ரிந்தியா’ என்ற பெயரில் நெய்யப்படுவது இந்த எரிப்பட்டே. பொன்னிறத்தை இயற்கையாகவே கொண்ட முகா பட்டும் அழகானதுதான். ஆனால் விலை மிகுதி, வழுக்கலும் உண்டு. மேல்பக்கத்தின் நடுவில் ஒரு பட்டையாக மட்டும் வைத்துத் தைத்தால் அதன் ஒளி எடுபடும். கேரளத்தின் பாலராமபுரம் கசவுத் துணி, கோடி வெண்மையும் சரிகைக் கரையுமாக, எந்த வேலைப்பாடும் இல்லாமலே திருமணக் களை தருவது. பருத்தி என்பதால் புதிதாகத் தைப்பவர்களுக்கும் அடங்கும்.

பாட்டியின் கூறைப் புடவையிலிருந்தோ தாயின் மணப் புடவையிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துத் தைக்க விரும்புவோர் மிகுதி. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இந்த எண்ணத்துக்கு நெருங்கிய ஒரு வழக்கம் இருக்கிறது. மணமகளுக்குச் சூட்டும் மந்திரகோடிப் புடவையிலிருந்து ஏழு இழைகளை உருவி, அவற்றைத் திரித்த சரட்டில்தான் மின்னு என்னும் தாலியைக் கோப்பார்கள். ஆனால் பழம்பட்டை வெட்டுமுன் சோதிக்க வேண்டும். பல்லாண்டு ஒரே மடிப்பில் இருந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டில் நைந்திருக்கும். சரிகையும் அங்கேதான் முதலில் முறியும். துணியை இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்து, மெல்லிய ஓசை கேட்டாலோ இழை விலகினாலோ அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். நல்ல பகுதிக்கும் அடியில் மெல்லிய பருத்தித் துணியை வைத்து ஓரங்களில் பெருந்தையல் போட்டு இணைத்துக்கொண்டால், இழுவிசையைப் பட்டு தாங்க வேண்டியதில்லை. முந்தானையில் கத்திரி வைக்க வீட்டில் மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்தப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணி தைக்கப்படாமலே பல வீடுகளின் பெட்டிகளில் கிடக்கிறது. திண்டுக்கு அதுவே தாராளம்.

ஏழு அங்குலச் சதுரம் போதுமானது. அதற்கு மேல் போனால் சிறுவனின் மார்பை மறைக்கும், நடக்கும்போது கால் தெரியாது. தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் விட்டு, எட்டு அங்குலச் சதுரங்களாக மேல்துணியும் அடித்துணியும் வெட்டிக்கொள்ளலாம். பூவேலை செய்வதாக இருந்தால் வெட்டுமுன்பே, துணி வளையத்தில் இறுகப் பிடித்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நேர்சதுரமாகத் தைத்துப் பஞ்சடைத்தால் நான்கு மூலைகளும் காதுகளைப்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்தும் மூலையை நோக்கிச் சிறிது சிறிதாக உள்வாங்கி, மூலையில் அரை அங்குலம் குறையுமாறு கோடு வரைந்து, அக்கோட்டின் மேல் தைக்க வேண்டும். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கத் தைத்து, ஒரு பக்கத்தில் மூன்று அங்குலம் திறந்துவிட்டு, மூலைகளில் மிகுந்த துணியைக் கத்தரித்து, வெளிப்புறமாகத் திருப்பிக்கொள்வது வழக்கமான முறைதான். பட்டின் ஓரம் பிரியும் என்பதால் திருப்புமுன் விளிம்பைச் சுற்றி ஒருமுறை நெருக்கமாகத் தைத்துவிடுவது நல்லது. குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கப்போகும் பொருள் இது.

பஞ்சைப் பொறுத்தவரை என் சாய்வு இலவம்பஞ்சின் பக்கம். எடை குறைவு, அழுத்தினால் பள்ளம் சிறிது நேரம் அப்படியே நிற்கும். பாலியெஸ்டர் பஞ்சு உடனே மேலெழும்பிவிடும், ஆனால் கட்டிபிடிக்காது, துவைக்கவும் ஏற்றது. எதுவாயினும் முழுமையாக அடைக்கக் கூடாது. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் விரல் நுனி முழுவதும் புதைய வேண்டும். அந்த அளவே சரியான அளவு. பிறகு திறப்பை வெளியே தெரியாத மறைதையலால் மூடலாம்.

இனிச் செய்வதுதான் முதன்மையானது. திண்டின் நடுவில், ஒன்றரை அங்குல இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, நீண்ட ஊசியால் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இருமுறை நூலை ஓட்டி இழுங்கள். அடிப்பக்கம் ஒவ்வொரு நூலையும் ஒரு சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டால் துணி கிழியாது. இப்போது மேலே இரண்டு சிறு குழிகள் விழுந்திருக்கும். மோதிரங்கள் அவற்றில் அமரும், சாய்ந்தாலும் உருளாது.

அதே புள்ளிகளில் ரிப்பனையும் தைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் வரை அகலம் போதும். ஒவ்வொரு மோதிரத்துக்கும் பதினாறு அங்குல நீளத்தில் ஒரு துண்டை எடுத்து, அதன் நடுப்பகுதியைக் குழியில் பலமாகத் தைத்தால், எட்டு அங்குலத்தில் இரண்டு முனைகள் மேலே நிற்கும். பெரும்பாலோர் ஒரு முனையில் மட்டும் மோதிரத்தைக் கோத்து, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டுவார்கள். அப்போது மோதிரம் ஒரு மூடிய வளையத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அடிமுடிச்சு முழுவதும் அவிழ்ந்தால்தான் வெளியே வரும். மாறாக, இரு முனைகளையும் ஒன்றாகவே மோதிரத்தின் வழியே மேலே இழுத்து, அதற்கு மேல் ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் ஒரே ஒரு பூ முடிச்சுப் போடுங்கள். பூவின் இரு இதழ்களும் மோதிரத்தைவிடப் பெரியவை என்பதால் திண்டு கவிழ்ந்தாலும் அது நழுவாது. ஒரு முனையை இழுத்தவுடன் இதழ்கள் மறையும். எஞ்சும் சிறு முடிச்சு மோதிரத்தின் துளைக்குள் எளிதாக நுழைந்து வெளியேறும். மணமகனும் மணமகளும் இதை முன்னாள் மாலையில் நான்கைந்து முறை செய்து பார்த்துக்கொள்வது நல்லது. எந்த மோதிரம் யாருக்கு என்ற குழப்பம் நேராமல் இரண்டு ரிப்பன்களும் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும். பாலியெஸ்டர் ரிப்பனின் நுனியை மெழுகுவர்த்திச் சுடரின் அருகே காட்டினால் இலேசாக உருகி, நூல் பிரியாமல் நிற்கும். அசல் பட்டு ரிப்பன் உருகாது, கருகும். அதைச் சாய்வாக வெட்டினாலே போதும்.

ஓரத்துக்கு லேஸ் வைக்காத திண்டு அரிது. குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் தாமே பின்னிக்கொள்வார்கள். விலைக்கு வாங்குவோர் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரத்தைச் சுற்றிய ஊர்களில், 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் கற்றுத்தந்த குரோஷா பின்னல், இன்றும் பெண்களால் வீட்டுத் திண்ணைகளில் செய்யப்படுகிறது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்து தரும் இவர்களை யாரும் தொழிலாளர் என்று எண்ணவில்லை, ஓய்வுநேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதினார்கள், ஆகவே கூலியும் அதற்கேற்பக் குறைந்தது என்பது அவர் கண்டது. நாம் வீட்டில் அமர்ந்து மகிழ்ச்சிக்காகப் பின்னுவதும், அவர்கள் வீட்டில் அமர்ந்து பிழைப்புக்காகப் பின்னுவதும் பார்வைக்கு ஒரே வேலைதான். ஒரு மீட்டர் கைப்பின்னல் லேஸ், எந்திர லேஸைவிடப் பல மடங்கு விலை என்று கடைக்காரர் சொல்லும்போது பேரம் பேசுமுன், அதே அளவை நீங்கள் பின்ன எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

லேஸ் வேறொரு கணக்கையும் தீர்த்திருக்கிறது. 1819-இல் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தின் மார்த்தா மால்ட், அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னலைக் கற்பித்தார். உருண்டையான, கெட்டியான ஒரு திண்டின் மீது குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் முறை அது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற வருவாயைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றார்கள் என்று அக்காலப் பதிவுகள் கூறுகின்றன.

பூவேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு முதலெழுத்துகளும் திருமண நாளும் சங்கிலித் தையலில் இருந்தால் போதும். முத்தும் கல்லும் வைப்பதானால் பசையால் ஒட்டாமல் தைக்க வேண்டும்; மே மாத வெயிலில் பசை இளகும். குழிகளைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு எதுவும் வேண்டாம், ரிப்பன் சிக்கும். அடிப்பக்கத்தில் முக்கால் அங்குல எலாஸ்டிக் பட்டை ஒன்றைக் குறுக்கே தைத்துவிட்டால், சிறுவன் தன் கையை அதற்குள் நுழைத்துக்கொள்வான். வேடிக்கை பார்த்தபடி நடந்தாலும் திண்டு கையிலேயே இருக்கும்.

குழந்தையிடம் கவரிங் மோதிரத்தைக் கட்டிக்கொடுத்து, அசலை மாப்பிள்ளைத் தோழரின் சட்டைப்பையில் வைப்பது இப்போது பரவிவருகிறது. எச்சரிக்கை என்ற அளவில் குறை சொல்ல முடியாது. ஆயினும் மேலே சொன்னபடி கட்டிய திண்டுக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து. குழந்தை ஊர்வலத்தில் நிற்கும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கேயே மோதிரங்களைக் கட்டிவிட வேண்டும். காலையிலேயே கட்டி, ஒப்பனை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. மோதிரத்தை வாங்கும்போது அதன் உட்புறத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், தூய்மை அளவும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கக் குறி கட்டாயம். அந்தக் குறியை ரசீதோடு சேர்த்துத் தனியே எழுதி வைத்துக்கொள்வது எந்த நகைக்கும் நல்லது. மோதிரம் வங்கிப் பெட்டகத்தில் இருந்தால் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவாலயத் திருமணங்கள் பல சனி, ஞாயிறுகளில் நடைபெறுகின்றன. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியமே எடுத்துவைத்துவிட்டால் கவலையில்லை.

திருமணத்துக்குப் பின் திண்டை நெகிழிப் பையில் அடைக்க வேண்டாம். வாசனைத் தைலமோ மாலையின் ஈரமோ பட்டிருந்தால் நிழலில் ஒருநாள் காற்றாட வைத்து, துவைத்த வெள்ளை மல் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை சரிகையின் மேல் படக் கூடாது; கறுக்கும். ரிப்பன்களைக் கட்டாமல் நீளமாக விட்டு வைத்தால் மடிப்பு விழாது. அடுத்த திருமணம் தங்கைக்கோ மகளுக்கோ வரும்போது, ரிப்பனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.