வயசுக் கோளாறா, வைத்தியம் தேவையா? முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்

சேலத்தில் உடம்புக்கு ஒன்று என்றால் ஃபேர்லேண்ட்ஸுக்கு வண்டியைத் திருப்பிவிடுவோம். ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் மனநிலை மாறும்போது மட்டும் தயங்குகிறோம். "பொண்ணு எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாளுங்க", "பையன் கதவைச் சாத்துனா வெளியவே வரமாட்டேங்கறானுங்க" என்று அக்கம்பக்கத்தில் புலம்புவோம். "வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாயிடும்" என்று பதில் வரும்.

பெரும்பாலும் அந்தப் பதில் சரிதான். சில பிள்ளைகளுக்கு மட்டும் அது 'பைபோலார்' எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம். இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலிருந்து 25 வயதுக்குள் தலைகாட்டுகிறது. அதனால்தான் வயசுக் கோளாறோடு எளிதில் குழம்பிவிடுகிறது.

எது இயல்பு?

பதின்வயதில் ஹார்மோன்கள் மாறுகின்றன. உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதிகள் சீக்கிரம் வேகம் பிடிக்கின்றன. அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளையோ 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் கோபம், அழுகை, தனிமை எல்லாம் வரத்தான் செய்யும்.

ஆனால் இயல்பான மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் தெரியும்: மார்க் குறைந்தது, நண்பனோடு சண்டை, போனைப் பிடுங்கியது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தணிந்துவிடும். வீட்டில் முறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ஃபிரெண்ட் வந்தால் சிரித்துப் பேசும். படிப்பு, சாப்பாடு, விளையாட்டு பெரிதாகக் கெடாது.

பைபோலார் எப்படி இருக்கும்?

காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை என்பது மட்டும் பைபோலார் ஆகாது. இது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும் நோய். மனம் அளவுக்கு மீறி எழும்பும் 'மேனியா' நிலை, நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், ஒரு வாரமாவது நீடிக்கும். அதன் மிதமான வடிவம் குறைந்தது 4 நாள் இருக்கும். மனச்சோர்வு நிலை 2 வாரம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளை பழையபடி இருக்கலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளிகளும் நீட் பயிற்சி மையங்களும் அதிகம். ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படித்தால் பாராட்டுகிறோம். இதனாலேயே நோயின் முக்கிய அறிகுறி நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பரீட்சைக்காகக் கண்விழித்த பிள்ளை மறுநாள் சோர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கும். மேனியாவில் உள்ள பிள்ளை தொடர்ந்து பல நாள் மூன்று மணி நேரமே தூங்கினாலும் களைப்பே தெரியாமல் இன்னும் துள்ளும். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாதது வேறு.

அதோடு இவற்றில் சிலவும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்:

• நிறுத்தாமல் வேகமாகப் பேசுவது, பேச்சு தாவித் தாவிப் போவது
• "என்னால முடியாதது எதுவுமே இல்ல" என்ற அளவுக்கு மீறிய நம்பிக்கை
• வழக்கத்துக்கு மாறான செலவு, கடன், ஆன்லைன் ஆர்டர்கள்
• கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்தான செயல்கள்
• காரணமில்லாத கடும் எரிச்சல், அதுவும் வீடு, பள்ளி, நண்பர்கள் என எல்லா இடத்திலும்

விடுதியில் பிள்ளை இருந்தால், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்பதோடு "எத்தனை மணிக்குத் தூங்குன, எந்திரிச்சப்ப எப்படி இருந்துச்சு?" என்றும் கேளுங்கள். வார்டனிடமும் விசாரியுங்கள்.

டாக்டரிடம் இதை மறைக்காதீர்கள்

பலருக்கு இந்த நோய் முதலில் மனச்சோர்வாகத்தான் வரும். பெற்றோர் சோகத்தை மட்டும் சொல்வார்கள். ஆறு மாதம் முன்பு பிள்ளை தூங்காமல் துள்ளிக்கொண்டிருந்த பத்து நாளை, "அப்ப நல்லாத்தானே இருந்தான்" என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இதில் ஆபத்து உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், பைபோலார் உள்ள சிலருக்கு அது மேனியாவைத் தூண்டிவிடலாம்.

உங்கள் போனில் உள்ள நோட்ஸ் செயலியிலேயே தினமும் குறித்து வையுங்கள்: தூங்கிய நேரம், எழுந்த நேரம், மனநிலை, வழக்கத்துக்கு மாறான செயல். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா, பிள்ளை வேறு என்ன மருந்து சாப்பிடுகிறது, போதைப் பழக்கம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். தைராய்டு கோளாறு கூட இதே போலத் தெரியலாம் என்பதால் டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்கலாம். ஆனால் பைபோலாரை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. இணையத்தில் வரும் 'பத்துக் கேள்வி' டெஸ்ட்டை நம்பி முடிவு கட்டவும் வேண்டாம்.

எங்கே உதவி கிடைக்கும்?

• 14416: டெலி மனஸ் இலவச மனநல உதவி எண். தமிழில், 24 மணி நேரமும் பேசலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது.
• சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. நாமக்கல் பக்கம் உள்ளவர்கள் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

"வெளிய தெரிஞ்சா என்னாகும்?" என்ற பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது.

சிகிச்சையில் மருந்து, ஆலோசனை, ஒழுங்கான தூக்கம் மூன்றும் சேரும். லித்தியம் மாத்திரை கொடுத்திருந்தால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் அதிகம் வியர்த்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ அந்த அளவு கூடிவிடலாம். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், டாக்டரிடமும் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்கிப் போடக்கூடாது. "சரியாயிடுச்சே" என்று மருந்தை நீங்களே நிறுத்தவும் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

"நான் இல்லாமப் போனா நல்லாயிருக்கும்" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டலாக நினைக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா சாமி?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். 14416ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னாலோ 108ஐ அழையுங்கள் அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வயசுக் கோளாறு என்று தெரிந்தால் நிம்மதி. நோய் என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. மருந்தோடு படித்து முடித்து வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இரண்டில் எது என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். அவருக்கு வேண்டிய தகவலைச் சேர்த்து வைப்பது மட்டும் வீட்டாரின் வேலை.