மொய் நோட்டும் பரீட்சைத் தூக்கமும்

பொதுத்தேர்வு நெருங்கினால் பெற்றோரிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? ‘8 மணி நேரம்’ என்று எழுதிவிட்டு நழுவலாம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொல்லியும் இருக்கிறது. ஆனால் அது தினசரி அளவு. நாளைக்கு வேதியியல் என்று பதறும் ஒரே ஒரு ராத்திரிக்கு அதைப் பொருத்தினால் கணக்கு உதைக்கிறது.

அமெரிக்க எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) வேதியியல் வகுப்பு மாணவர்கள் கையில் ஃபிட்பிட் கட்டி, ஒரு பருவம் முழுக்கத் தூக்கத்தை அளந்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. தேர்வுக்கு முந்தின ராத்திரித் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரத்திலும் மாதத்திலும் நன்றாகத் தூங்கியவர்களே கூடுதலாக வாங்கியிருந்தார்கள். இதை வைத்தும் கூத்தாட வேண்டாம். ஒழுங்காகத் தூங்குகிற பிள்ளை ஒழுங்காகப் படிக்கிற பிள்ளையாகவும் இருக்கக்கூடும். எதனால் எது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆனால் மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த முடிவில் ஆச்சரியம் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலூர் மாமாவுக்கு அடுத்து ஆபீஸ் நண்பர், அவருக்கு அடுத்து பால்காரர். வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். பின்னால் கூட்டம் நிற்கிறது. மூளையில் அந்த நோட்டு ஹிப்போகேம்பஸ். பந்தி முடிந்து வீடு அடங்கியதும் ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் வீட்டின் பழைய மொய்க் கணக்கில் ஊர்வாரியாக ஏற்றுவார். அந்தப் பெரிய கணக்கு, மூளையின் புறணி. வாசிப்பு நடப்பது ஆழ்ந்த தூக்கத்தில்.

எலி ஒரு பாதையில் ஓடும்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஹிப்போகேம்பஸில் குறிப்பிட்ட செல்கள் துடிக்கும். ஓடும்போது சேர்ந்து துடித்த செல்கள், எலி தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994-இல் காட்டினார்கள். அதே வரிசை, ஏறத்தாழ 20 மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. சாயங்காலம் முழுக்க வந்தவர்களின் பெயரை ராத்திரி மளமளவென்று வாசித்துவிடுவதில்லையா, அப்படி.

வாசிப்பவர் வேகத்துக்கு எழுதுபவர் கை ஓட வேண்டுமே? அதற்கும் ஏற்பாடு உண்டு. புறணியில் வினாடிக்கு ஒன்றுக்கும் குறைவான மெதுவான அலை எழுகிறது. அதன்மேல், வினாடிக்கு 12 முதல் 15 துடிப்புள்ள, நூற்கும் கதிர்போல நடுவில் பருத்த இன்னோர் அலை. அதற்குள் பொருந்தி வருகிறது ஹிப்போகேம்பஸின் அதிவேகச் சிற்றலை. எழுதுபவர் “ம், சொல்லுங்க” என்றதும் அடுத்த பெயர்! 2009-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அந்தச் சிற்றலையை மட்டும் மின்துடிப்பால் கலைத்தார்கள். எலிகள் தூங்கின, ஆனால் கற்பதில் பின்தங்கின. வாசிப்பவர் வாயைப் பொத்தினால் கணக்கு ஏறாது. 51 ரூபாய் மொய் விடுபடுமா, 5001 விடுபடுமா என்று கேட்பீர்கள். முக்கியம் என்று பட்டதற்கு முன்னுரிமை கிடைப்பதாகத் தெரிகிறது. மூளைக்குத் திருப்பிச் செய்யும் கடமை இல்லாததால் உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்கள் குறைவாக மறப்பதைக் கண்டார்கள். பங்கேற்றவர்கள் இரண்டே பேர்!

ஆக, ஜனவரியில் படித்த கரிம வேதியியல் ஜனவரி ராத்திரிகளிலேயே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். மார்ச்சில் ஒரே ராத்திரி 10 மணி நேரம் தூங்கி அதை ஈடுகட்ட முடியாது. விளம்பரங்களில் வரும் நினைவாற்றல் லேகியத்தாலும் முடியாது.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் விடிய விடியப் படிக்கலாம்’ என்று கிளம்ப வேண்டாம். தூங்காத மூளை நடுநடுவே சில வினாடிகள் அணைந்து எரியும். விடை தெரிந்த கணக்கில் குறியை மாற்றிப் போடுவது அப்போதுதான். “6 மணி நேரம் பழகிவிட்டது” என்பதும் செல்லாது. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 14 நாள் 6 மணி நேரம் மட்டும் படுக்கவிடப்பட்டவர்களின் கவனம், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குக் கெட்டது. அவர்களுக்கோ அவ்வளவாகத் தூக்கம் வருவதாகவே தோன்றவில்லை.

கண்விழித்துப் படிப்பதா, விடியற்காலை எழுவதா? ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வருகிறது. அதற்காக 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு அலாரம் வைப்பது நியாயமாகாது. கடைசி மணி நேரங்களில் வரும் கனவுத் தூக்கம் வெட்டுப்படும். பதின்ம வயதில் உடல் கடிகாரமே தாமதமாக ஓடும் என்பதால், விடியற்காலைப் படிப்பு எல்லாருக்கும் ஒத்துவராது.

என் தீர்ப்பு: வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் தூங்கி, வழக்கமாக எழும் நேரத்தில் எழட்டும். காபியின் கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும், சாயங்காலத்துக்குமேல் வேண்டாம். பதற்றத்தில் தூக்கம் கெட்டாலும் குடி முழுகிவிடாது. பெற்றோரே, காலையில் “ராத்திரி தூங்கினியா, இல்லையா?” என்று மட்டும் பிள்ளையைக் குடையாதீர்கள்.