கையில ‘க்யூ’ இருக்கு, ‘யு’ இல்லையா? ஸ்கிராபிளில் கைகொடுக்கும் விநோத ஆங்கிலச் சொற்கள்!

ஸ்கிராபிள் விளையாடும் பலரும் பயப்படும் எழுத்து ‘க்யூ’. அதற்கு 10 புள்ளி. ஆனால், க்யூ வந்தாலே அடுத்து ‘யு’ வரணும்னு பள்ளியிலேயே படிச்சிருப்போம். மொத்தம் உள்ள 100 காய்களில் யு நான்குதான். அதுக்காகக் காத்திருந்து, கடைசியில் க்யூ கையிலேயே தங்கிவிட்டால் 10 புள்ளி கழிந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி உண்டா?

இரண்டே எழுத்து போதும்

உண்டு. க்யூ, ஐ. இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் ‘சீ’ என்ற சொல். உடலில் ஓடும் உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் இது. மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இதே சொல் அமைந்தால் ஒரே முறையில் 62 புள்ளி!

‘இஸட்’ மாட்டிக்கிச்சா? பக்கத்தில் ‘ஏ’ போதும். ‘ஸா’ என்பது பீட்சாவுக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப் பெயர். ஐந்து எழுத்துச் சொல்லை யோசிக்கும் நேரத்தில் இது புள்ளியை அள்ளித் தந்துவிடும்.

உயிரெழுத்தே வரலைன்னா?

சி, டபிள்யூ, எம் சேர்ந்தால் ‘கூம்’. மலைச்சரிவில் இருக்கும் கிண்ணம் போன்ற பள்ளத்துக்கு வேல்ஸ் மொழியில் உள்ள பெயர். எவரெஸ்ட் ஏறுபவர்கள் கடக்கும் ‘வெஸ்டர்ன் கூம்’ இதில் இருந்து வந்ததுதான். 1921-ல் அந்தப் பெயரை வைத்தவர் மலையேற்ற வீரர் ஜார்ஜ் மல்லோரி.

தமிழ் தந்த 50 புள்ளி

கையில் உள்ள ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்தால் கூடுதலாக 50 புள்ளி. நம்ம ‘சுருட்டு’ ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனபோது அதற்கு ஏழு எழுத்து. ‘வெட்டிவேர்’ போய் ‘வெட்டிவர்’ ஆனது, அதுவும் ஏழு எழுத்து. ஆக, இரண்டுமே அந்த 50 புள்ளிக்குப் பொருந்தும்.

இங்கிலீஷ் சரளமா வரணுமா?

அவசியமில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தார், அவ்வளவுதான். 2024-ல் ஸ்பானிஷ் பட்டமும் அவருக்கே. ஆங்கில உலகப் பட்டத்தையே 2003-ல் தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன் வென்றிருக்கிறார்.

அதனால, ‘எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது’ என்று பலகைப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் தயங்கத் தேவையில்லை. இங்கே சோதிக்கப்படுவது பேச்சு அல்ல, நினைவாற்றலும் கணக்கும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

* முதலில் இரண்டு எழுத்துச் சொற்கள். நூற்றுச் சொச்சம்தான். தினம் ஐந்து படித்தால் ஒரு மாதத்துக்குள் முடிச்சிடலாம்.
* அடுத்து, யு இல்லாத க்யூ சொற்கள்.
* வட அமெரிக்கப் போட்டிகளுக்கு ஒரு சொற்பட்டியல், மற்ற பல நாடுகளில் காலின்ஸ் பட்டியல். மொபைல் ஆப்களின் பட்டியலும் மாறுபடலாம். எந்தப் பட்டியல் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு பண்ணிக்கோங்க. எதிராளி கேள்வி எழுப்பி, பட்டியலில் அந்தச் சொல் இல்லை என்றால் காயைத் திரும்ப எடுக்கணும், அந்த வாய்ப்பும் போயிடும்!