வளர்ப்பு மீன் பெரிதாகிவிட்டதா? மலைப்பகுதி விவசாயிகள் தொட்டி அமைக்கும் முறை

விரல் நீளத்தில் வாங்கிய மீன் ஒரு வருடத்தில் ஒரு அடியைத் தொட்டு, கண்ணாடித் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் நிற்கும். "பெரிய தொட்டி வைக்கலாமா, இல்லை ஓடையில் விட்டுவிடலாமா?" என்று உதகை, குன்னூர் பக்கம் பலர் கேட்கிறார்கள். ஓடையில் மட்டும் விடாதீர்கள். வெளிநாட்டு மீன்கள் நம் ஓடை மீன்களின் இரையையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். நோயையும் பரப்பும்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன மீன் என்று பாருங்கள். ஆஸ்கர், அரோவானா, 'ஷார்க்' என்று விற்கப்படும் கெளுத்தி வகை எல்லாம் வெப்பமண்டல மீன்கள். நீர் 25 டிகிரி இருக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் ஓடினாலே மாதம் 100 யூனிட்டைத் தாண்டிவிடும். ஆடி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரன்ட் இல்லையென்றால் மீன் பிழைக்காது. புதிதாக வாங்குவதாக இருந்தால் என் சிபாரிசு கோய் கெண்டைதான். 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டையின் வண்ண வகை அது. நம் குளிரைத் தாங்கும்.

கோய் 2 அடி வரை வளரும். அதற்குக் கண்ணாடித் தொட்டி போதாது, தரையில் சிமென்ட் தொட்டி கட்டுங்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி நீர் ஆழம் என்றால் சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். இரண்டு பெரிய மீனுக்கு அளவு. நீர் மட்டுமே 2 டன் எடை என்பதால், சரிவில் மண் கொட்டி நிரப்பிய இடத்தில் கட்டாதீர்கள், வெட்டிய கெட்டி மண்ணில் கட்டுங்கள். மாடியில் வேண்டவே வேண்டாம்.

புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மீனைக் கொல்லும். வாழைமட்டைத் துண்டுகளைப் போட்டு நீர் நிரப்பி, வாரம் ஒருமுறை வடித்து, மூன்று வாரமாவது ஊறவையுங்கள். பிறகு கார அமில அளவு 7 முதல் 8-க்குள் இருக்கிறதா என்று சோதியுங்கள். மாறாக, நம் ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர். நாளாக நாளாகத் தொட்டியில் அமிலத்தன்மை ஏறும். வடிகட்டியில் ஒரு பை கிளிஞ்சல் போட்டுவைத்தால் சமாளிக்கலாம்.

மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்பும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் தேவை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும், ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பழைய தொட்டி ஸ்பாஞ்சைப் பிழியாமல் அப்படியே புதியதில் வைத்தால் சீக்கிரம் தயாராகும். வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வடிக்கும் நீர் காய்கறிப் பாத்திக்கு நல்ல உரம். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்த பிறகே ஊற்றுங்கள்.

தேயிலைக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடில் உள்ள தாமிரம் மீனுக்கு விஷம், மென்னீரில் இன்னும் கடுமை. மருந்தடிக்கும் நாளில் தொட்டியைத் தார்ப்பாயால் மூடுங்கள். தோட்டத்தை ஒட்டிய கூரையின் மழைநீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். மருந்து கலந்த வாளியையும் கைகழுவாத கையையும் தொட்டியில் நனைக்கக் கூடாது. நோயே இல்லாமல் மீன் செத்தால், நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

உறைபனிக் காலத்தில் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே தீனியைப் பாதியாக்குங்கள், 10-க்குக் கீழே நிறுத்துங்கள். மீன் பசியால் சாகாது, செரிக்காத தீனிதான் ஆபத்து.

மாற்றும் நாளுக்கு முந்தின நாள் தீனி வேண்டாம். பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டு, புதுத் தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை விடுங்கள். முதல் வாரம் கோய் துள்ளி வெளியே விழும், வலை கட்டுங்கள். மீன்கொத்தியையும் அந்த வலையே தடுக்கும்.