சவாரிக்கு முன் அரை மணி நேரம்: குதிரையைத் தேய்த்துவிடுவது அழகுக்காகவா?

வார இறுதியில் குதிரை சவாரி கற்கச் செல்லும் இளைஞர்களுக்கு முதல் நாளே ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. ஏறி உட்காரலாம் என்று போனால், கையில் பிரஷைக் கொடுத்து 'முதல்ல தேய்ச்சு விடுங்க' என்கிறார் பயிற்சியாளர்.

காரணம் இருக்கிறது. சேணம் உட்காரும் முதுகிலோ, வயிற்று வார் சுற்றும் இடத்திலோ காய்ந்த சேறோ சிறு முள்ளோ ஒட்டியிருந்தால் போதும். ஆள் ஏறியதும் அது தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். புண் ஆறும்வரை சேணம் போட முடியாது. வாய்விட்டுச் சொல்ல முடியாத குதிரை, வலியைத் துள்ளிக் காட்டும். கீழே விழுவது மேலே இருப்பவர்தான்.

ரப்பர் பிரஷால் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, கெட்டியான நார் பிரஷால் தட்டிவிட்டு, மென்மையான பிரஷால் முடிப்பது வழக்கம். முகத்திலும், எலும்பு தெரியும் கால் பகுதியிலும் ரப்பர் பிரஷ் கூடாது. கை உடம்பு முழுக்கப் போய்வருவதால் வீக்கம், சூடு, காயம் எல்லாம் தட்டுப்பட்டுவிடும். தினசரி செக்-அப் மாதிரிதான்.

அடுத்து குளம்பு. பலரும் அலட்சியம் காட்டுவது இங்கேதான். கொக்கி போன்ற கருவியால் குதிகாலில் இருந்து முன்பக்கமாக மண், சாணம், கற்களைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கல் சிக்கினாலே நொண்டும். ஈரச் சாணம் அடைத்துக் கிடந்தால் அழுகி நாறும். நம் நகம் போல, குளம்பும் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அதனால் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து சீவிவிடுவார்.

பயிற்சியின் சூட்சுமம் ஒன்றே: அழுத்து, கேட்டதும் விடு. காலால் லேசாக அழுத்தும்போது குதிரை நகர்ந்தால், அந்த நொடியே அழுத்தத்தை எடுக்க வேண்டும். அதுதான் அதற்குப் பரிசு. புதியவர்கள் விடாமல் உதைத்துக்கொண்டும், கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் இருப்பார்கள். கொஞ்ச நாளில் குதிரைக்கு மரத்துப்போகும். பிறகு 'சொன்ன பேச்சு கேட்கல' என்று புகார் வேறு!

இறங்கியதும் லாயத்தில் கட்டிவிடக் கூடாது. மூச்சு சீராகும்வரை நடக்கவிட வேண்டும். அதன்பின் தீனி எடுக்காமல், முன்காலால் தரையைக் கீறி, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, புரண்டால் உஷார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி உயிரையே பறிக்கலாம். 'காலையில பார்ப்போம்' என்று விடாமல், தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.