நம்ம ஆள்தானே!

“நம்ம ஆள்தானே, கூலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!”

இந்தத் தேன்மொழியைக் கேட்காத தையற்காரர் தமிழகத்தில் உண்டோ? மளிகைக் கடையிலே நாம் இப்படிச் சொல்வதில்லை. பேருந்து நடத்துநரிடம் சொன்னால் அடுத்த நிறுத்தத்திலே இறக்கிவிடுவார். தையற்காரரைக் கண்டால் மட்டும் நமக்குத் தோழமை பொங்கி வழிகிறது!

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில், திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையம் மணவூர். திருத்தணி வட்டாரம், 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போய், எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த வட்டாரம். சித்தூர்ப் பக்கத்து வீதி நாடகமும் நம் பக்கத்துத் தெருக்கூத்தும் கைகோத்து ஆடும் எல்லை அது. இத்தகைய இடத்தில் தையற்காரருக்குச் சட்டை, ரவிக்கையோடு வேலை முடிவதில்லை. ஒருநாள் கூத்துக்காரத் தோழருக்குத் துரியோதனன் உடுப்பு. மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளி ஆண்டு விழாவுக்காகக் கட்டபொம்மன். அதற்கும் மறுநாள் நம் கழகத் தோழர்கள் போடும் நாடகத்துக்குப் புரோகிதர் வேடம். எல்லாரும் நண்பர்கள், எல்லாமும் அவசரம்!

துரியோதனன் உடுப்பு என்றால் இலேசா? கிரீடமும் புஜகீர்த்தியும் மரவேலை. அதைத் தச்சர் பார்த்துக்கொள்வார். துணி முழுவதும் தையற்காரர் தலையில். வெல்வெட் ஊசிக்கடியில் வழுக்கும். ஒரு பக்கம் தடவினால் ஒளிரும், மறுபக்கம் தடவினால் மங்கும். ஆகவே எல்லாத் துண்டும் ஒரே திசை பார்க்கும்படி வெட்ட வேண்டும். அதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைக்காவிட்டால், கதாயுதத்தை ஓங்கியதும் சட்டை கிழியும், சபை சிரிக்கும். விடிய விடிய வியர்வை கொட்டும் உடம்புக்கு உள்ளே பருத்தி லைனிங் கொடுக்க வேண்டும். சுழன்று ஆடும்போது பாவாடை குடையாக விரிய வேண்டும்; துணியில் சிக்கனம் பிடித்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். பிறகு சமிக்கி. அதை மிஷின் தைக்காது. ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து, விளக்கடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையால் தைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சட்டை தைத்துப் பழகிய கை, நூறாவது சட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கும். வேட உடுப்போ ஒன்றே ஒன்று! மாதிரி வெட்டிப் பார்க்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், பிரித்துத் தைக்க வேண்டும். இரண்டு நாள் சட்டை வேலை அதிலே போய்விடும். ஜரிகைக்கும் சமிக்கிக்கும் சௌகார்பேட்டைக்கு ரயிலேறினால் இன்னொரு நாள். “அண்ணே, ஜரிகைக் காசாவது குடுங்க” என்று தலையைச் சொறிந்தால், “என்னப்பா, எங்கிட்டயா கணக்குப் பாக்குற?” என்று தோளிலே தட்டுவார் நண்பர். தட்டல்தான் கூலி!

தாமஸ் ஹூட் என்ற ஆங்கிலக் கவிஞர், சட்டை தைத்தே தேய்ந்துபோகும் ஏழைப் பெண்ணைப் பற்றி எழுதிய கவிதை 1843-இல் ‘பஞ்ச்’ இதழில் வந்து இங்கிலாந்தின் மனத்தைத் தைத்தது. அங்கே உழைப்பை உறிஞ்சியவன் முதலாளி. இங்கேயோ நண்பன்! முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கலாம். நண்பனை எதிர்த்து எந்தக் கொடியைப் பிடிப்பது? அந்தக் கொடியைத் தைத்துக் கொடுப்பவரும் இவர்தானே!

பிறரை மட்டும் குறை சொல்வானேன்? நாமும் நாடகம் போட்டவர்களே. ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுத்தோம், விளக்குக்குக் கொடுத்தோம். தையற்கூலியைக் கணக்கின் கடைசி வரியில் எழுதினோம். வசூல் குறைந்ததும் நாம் அடித்த முதல் வரி அதுதான். 1940-களில் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ மேடையேறிய கதையை நாம் மணிக்கணக்கில் பேசுவோம். சிவாஜியாகக் கணேசன், காகபட்டராக அண்ணாவே, ‘சிவாஜி’ என்று பட்டம் தந்தவர் பெரியார் என்று ஒன்று விடாமல் சொல்வோம். அந்த மராட்டிய மன்னனின் அங்கியைத் தைத்த கை எது என்று ஒருநாளாவது கேட்டோமா?

‘நட்புக்கு விலை பேசலாமா?’ என்பார்கள். வேண்டாம்! இனாமாகத் தைப்பதென்றால் அதைத் தையற்காரர் சொல்லட்டும். உடுப்பை வாங்கிக்கொள்பவர் தாமே சொல்லிக்கொள்வதற்குப் பெயர் இனாம் அல்ல.

1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே தையற்காரர்களுக்கும் நல வாரியம் வந்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி, அறுபது வயதில் ஓய்வூதியம். பதியாத தையற்காரர் உங்கள் தெருவில் இருந்தால், உடன் சென்று பதிந்து கொடுங்கள் தோழர்களே. ஆனால் நண்பனிடம் பாக்கி வசூலித்துத் தர எந்த வாரியமும் வராது. அது நம் கையில் இருக்கிறது.

அளவு கொடுக்கும் அன்றே துணிக் காசும் ஜரிகைக் காசும் பாதிக் கூலியும் கொடுத்துவிடுங்கள். துண்டறிக்கையில் ஒலி, ஒளி என்று போடும் இடத்தில் உடை என்றும் போட்டு அவர் பெயரை அச்சிடுங்கள். மீதிக் கூலி, அரிதாரம் பூசுவதற்கு முன்பே அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். பூசிய பிறகு, துரியோதனனிடம் போய் யார் பாக்கி கேட்பது?